மனதில் நன்றியே தோன்றாதபோது கடவுளுக்கு நன்றி சொல்வது போலித்தனம் ஆகாதா?

ஆகாது. பைபிளில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் 3:17-18ஐ வாசித்துப் பாருங்கள். அத்திமரம் துளிர்க்காமல் போனாலும், ஒலிவமரம் பலன் தராவிட்டாலும், வயல் விளையாவிட்டாலும், தொழுவத்தில் மாடே இல்லாமல் போனாலும் என்று இழப்புகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டுத்தான் “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்கிறார். உணர்வு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அது அவர் எடுத்த முடிவு.

அதற்காக அழுகையை விழுங்கிக்கொண்டு சிரிக்க வேண்டியதில்லை. யோவான் 11ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் ஆறுதலானது. இறந்துபோன தன் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். கல்லறைக்கு வந்ததும், லாசரு உயிரோடு எழுந்து வருவதற்கு முன்பே, பிதா தனக்குச் செவிகொடுத்ததற்காக நன்றியும் சொன்னார். துக்கமும் நன்றியும் ஒரே வாயிலிருந்து வரலாம். துக்க வீட்டில் போய் “எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம் சொல்லுங்கள்” என்று நெருக்குகிறவர்கள் இந்த அதிகாரத்தை மறுபடி வாசிக்க வேண்டும். பவுலும் “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்று எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 5:18). நடந்த தீமையை நல்லது என்று சொல்லச் சொல்லவில்லை.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? 13ஆம் சங்கீதத்தின் வரிசை உதவும். அது “எதுவரைக்கும்?” என்ற புலம்பலில் தொடங்கி, பிறகு விண்ணப்பம், கடைசியில் பாட்டு என்று போகிறது. ஆறே வசனங்கள்தான். இரவு ஜெபத்தில் முதலில் வலியை அப்படியே சொல்லுங்கள். அப்புறம் அன்று கிடைத்த ஒன்றுக்கு, விசாரிக்க வந்த சிநேகிதிக்கோ சாப்பிட்ட கஞ்சிக்கோ, பெயர் சொல்லி நன்றி செலுத்துங்கள். அதற்குமேல் வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தையே சத்தமாக வாசியுங்கள், அதுவும் ஜெபம்தான்.