புதிதாகக் கரி கிரில் வாங்கியிருக்கிறேன், அதிலேயே புகை போட்டும் சமைக்கலாமாம். கூடவே முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

இந்நேரம் ஆன்லைனில் ஒரு ‘18 பொருள் செட்’டைப் பார்த்து வைத்திருப்பீர்கள். பளபளவென்று ஒரு பெட்டி, அதற்குள் இடுக்கி, பிரஷ், சோளம் குத்துகிற கம்பி. வேண்டாம். நான் வாங்கினவன் சொல்கிறேன். சோளக் கம்பி எட்டும் இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

முதலில் வாங்க வேண்டியது கறிக்குள் குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர். மூடியிலேயே ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதை நம்பித்தான் என் மானம் போனது.

எனக்குச் செங்கோட்டை. போன ஆடியில், குற்றாலத்தில் நல்ல சாரல் நேரம், புனலூரிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தான் ஊரில் முக்குக்கு முக்கு அல்ஃபாம் கடை. கரியில் சுட்ட கோழியைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்தேன். ஒன்றரைக் கிலோ கோழியை முழுசாக மசாலா தடவி, மொட்டை மாடியில் கிரிலுக்குள் வைத்து மூடினேன். மூடி முள் 200 காட்டியது. முக்கால் மணி நேரத்தில் திறந்தால் கோழி தோசைக்கல் அடிபோலக் கறுத்திருந்தது. சரி, வெந்துவிட்டது என்று தட்டில் வைத்தேன். அத்தான் தொடையைப் பிய்த்தார். மூட்டுப் பக்கம் கறிக்கடையில் வெட்டி வாங்கின மாதிரியே இருந்தது.

“மாப்ள, வெளிய சித்திரை, உள்ள மார்கழியால்லா இருக்கு!”

அம்மா ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கோழியைத் துண்டு போட்டுக் குழம்பாக்கிவிட்டாள். தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு பிரானூர் பார்டருக்குப் பரோட்டா வாங்கப் போனான். அக்கா இன்றைக்கும் போனில் “கோழி வெந்துட்டாடா?” என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறாள்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மூடி முள் காட்டுவது மூடிக்கு அடியில் நிற்கிற சூட்டை. கறிக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதில் எங்கள் ஊர்க் காற்று வேறு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக அடிக்கிற மேல்காற்றுக்கு நேராகக் கிரிலின் கீழ்த் துவாரத்தை வைத்திருந்தேன். துருத்தி வைத்து ஊதின மாதிரி கரி கனன்றிருக்கிறது. இப்போது துவாரத்தைக் கிழக்கே பார்க்கத் திருப்பி வைக்கிறேன். கரியையும் ஒரு பக்கமாகக் குவித்துவிட்டுக் கோழியை மறுபக்கம் வைக்கிறேன். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இளங்கோழி நன்றாக வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவப்பாகத் தெரியும். மணிக்கணக்கில் புகை போட்டுச் சமைப்பதென்றால் கறி கிடக்கிற கம்பி மட்டத்தில் 110 முதல் 120 டிகிரி வரை நின்றால் போதும்.

நான் செஃப் இல்லை, எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். “சுட்ட கறி உடம்புக்கு ஆகாது”, “நம் தாத்தா தெர்மாமீட்டர் வைத்தா சமைத்தார்” என்று வருகிறவர்களுக்கு முன்கூட்டியே கும்பிடு. தாத்தா முழுக் கோழியை மூடி போட்டுச் சுடவும் இல்லை.

அடுத்தது கரி பற்றவைக்கிற குழாய். மண்ணெண்ணெய் ஊற்றினால் கறியில் அந்த வாடை வரும். லேத் பட்டறையில் கறுப்புத் தகட்டில் குழாய் சுருட்டி, கீழே சல்லடை வைத்துத் தரச் சொன்னேன். கைப்பிடியோடு 450 ரூபாய். நாகம் பூசின தகடு மட்டும் வேண்டாம், சூட்டில் அதன் புகை கெடுதல். அடியில் இரண்டு பழைய பேப்பர், மேலே சிரட்டைக் கரி. கால் மணி நேரத்தில் மேல் கரியும் சாம்பல் பூத்துவிடும். இதெல்லாம் திறந்த வெளியில்தான். மழை வருகிறதென்று அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோனால் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும்.

வெல்டிங் பட்டறைத் தோல் கையுறை, நீளமான இடுக்கி, சாம்பலுக்கு மூடி போட்ட இரும்பு வாளி, இவ்வளவுதான் மற்றவை. செட்டில் வருகிற கம்பி பிரஷ் கூடவே கூடாது. முள் உடைந்து கறியில் ஒட்டித் தொண்டைக்குள் போகும். தேங்காய் நார் போதும்.

புகைக்கு மரம் வாங்கவே வேண்டாம். பிரானூரில்தான் இத்தனை மர அறுவை மில் இருக்கிறதே என்று ஒரு மில்லில் துண்டு கேட்டு வாங்கி வந்தேன். அது பைன் மரம். பிசின் எரிந்து கறி கசந்துவிட்டது. இப்போது கவாத்து பண்ணின கொய்யாக் கிளையைக் காயவைத்துப் போடுகிறேன்.

தெர்மாமீட்டரை ஆன்லைனில் வாங்கினால் முகவரியில் மாநிலத்தைப் பெரிதாக எழுதுங்கள். என் பார்சல் கொல்லம் போய் 9 நாள் கிடந்தது. போன் போட்டால், “சார், செங்கோட்டை கேரளாதானே?” என்கிறார் அந்தப் பெண். திருவிதாங்கூரில் இருந்தது உண்மைதான் அம்மா, 1956 நவம்பர் 1-ஆம் தேதியே இந்தப் பக்கம் வந்தாயிற்று, உங்கள் கம்பெனிக்கு இன்னும் தகவல் வரவில்லையா என்று கேட்டேன். “சரி பார்க்கிறேன் சார்” என்று வைத்துவிட்டார். பின்கோடு என்று ஒன்று எதற்கு வைத்திருக்கிறார்களோ!

போன மாதம் அத்தான் மறுபடி வந்தார். குத்திப் பார்த்து 76 என்று அவருக்கே காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார்.

“எதுக்கும் இன்னும் ஒரு பத்து நிமிஷம் கெடக்கட்டும் மாப்ள.”