ரப்பர்ச் சருகு ஏன் மட்கவில்லை?

கேள்வி: குலசேகரம் அருகே எங்களுக்கு 40 சென்ட் ரப்பரும், வீட்டைச் சுற்றி 15 சென்ட் தோட்டமும் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலையும் பலா இலையும் முற்றத்தில் மலைபோலக் குவிகின்றன. சென்ற ஆண்டு ஒரு மூலையில் கூட்டிவைத்தேன், இன்னும் மட்கவில்லை. எரித்துச் சாம்பலை வாழைக்குப் போடலாமா?

பதில்: எரிக்க வேண்டாம், சகோதரி. எரித்தால் சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச்சத்து போன்றவைதான் மிஞ்சும். தழைச்சத்து (நைட்ரஜன்) புகையோடு போய்விடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மேட்டுச் செம்மண்ணில் இடுகிற உரத்தை அந்த மழை அலசிக்கொண்டு போகிறது. அதைப் பிடித்துவைக்க மட்குதான் பெருந்துணை.

இலையின் மேல் குற்றமில்லை. நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய 30 பங்கு கரிச்சத்துக்கு (கார்பன்) ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். காய்ந்த சருகில் கரிச்சத்து இதைவிடக் கூடுதல். போதாததற்கு, தடித்த பலா இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீரை உள்ளே விடுவதில்லை. வெளியே மழை பெய்தாலும் குவியலின் நடுவே காய்ந்தே கிடந்திருக்கும்.

பழைய குவியலைக் கலைத்து, பலா இலைகளை வெட்டுக்கத்தியால் நறுக்கி, ஓர் இரவு நனைத்துவையுங்கள். நிழலான மேட்டில் 4 அடி அகலத்துக்கு அரை அடி சருகு, அதன்மேல் சாணக் கரைசல், பிறகு கிளைரிசிடியா தழையோ களைச்செடியோ, ஒரு கை மேல்மண் என்று அடுக்கி 4 அடி உயர்த்துங்கள். சருகு மூன்று பங்கென்றால் பச்சைத் தழையும் சாணமும் சேர்ந்து ஒரு பங்கு. மாடு இல்லையென்றால் மீன் கழிவைக் குவியலின் நடுவில் ஆழமாகப் புதைக்கலாம். குளச்சல் மீன் வருகிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. முடைந்த தென்னோலையால் மூடிவிடுங்கள்.

நான்கைந்து நாளில் உள்ளே சூடு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சாணமோ ஈரமோ போதவில்லை. நாற்றமடித்தால் ஈரம் மிகுதி. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியும் பதமே சரி. 15 நாளுக்கு ஒருமுறை புரட்டினால் நான்கு மாதத்தில், ஜூன் மழைக்கு முன், தயாராகிவிடும்.

புரட்டுவதில் சோம்பல் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். தென்னை உள்ள வீட்டில் கலைக்காத எருக்குவியல், தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்குப் பிள்ளைப்பேறு இல்லம். வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்களைக் கண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். நிறைய இருந்தால் அவற்றைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலக்கலாம். அளவைத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முற்றத்துச் சருகை மட்டும் எடுங்கள். ரப்பர் தோட்டத்துக்குள் உதிர்ந்தது அந்த மரங்களின் உணவு. சரிவில் மண் கரையாமல் காப்பதும் அதுதான். அங்கே துடைப்பம் போக வேண்டாம்.

மட்கு கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வந்த பிறகே பயன்படுத்துங்கள். அரைகுறையாக மட்கியதை வேரருகில் இட்டால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ள, பயிர் வெளிறும். ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குக் குழிக்கு 10 கிலோ இடலாம். ரப்பர் இலைக்காம்புகள் மட்டும் முழுதாக மட்கியிருக்காது. அவற்றைச் சலித்தெடுத்து அடுத்த குவியலின் அடியில் பரப்புங்கள், காற்றோட்டத்துக்கு உதவும்.