எந்த செயின்ட் கில்டா?

கேள்வி: கடற்பறவைகளைப் பார்க்க ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுக்குப் போக விரும்புகிறேன். இணையத்தில் தேடினால் மெல்பர்ன் விடுதிகளும் ஒரு கால்பந்துக் குழுவும்தான் வருகின்றன. எப்படித் தேடுவது? இவற்றுக்குள் தொடர்பு உண்டா?

பதில்: ‘ஹிர்ட்டா’ என்று தேடுங்கள். அந்தத் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவு அது. ஆக்லண்ட் தெரு என்று ஏதேனும் கண்ணில் பட்டால் அது மெல்பர்ன், விட்டுவிடுங்கள்.

தொடர்பு நிச்சயமாக உண்டு. பெயரைச் சுமந்து போனது ஒரு கப்பல். சர் தாமஸ் ஆக்லண்ட் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் தம் பாய்மரக் கப்பலுக்கு ‘லேடி ஆஃப் செயின்ட் கில்டா’ என்று பெயர் வைத்தார். கணவரின் ஏற்பாட்டில் கடத்தப்பட்டு, 1734 முதல் 1740 வரை ஹிர்ட்டாவில் அடைபட்டுக் கிடந்த கிரேஞ்ச் சீமாட்டியின் நினைவாக என்பார்கள். 1841-இல் அந்தக் கப்பல், வேறொருவர் கைக்கு மாறியபின், மெல்பர்ன் அருகே நங்கூரமிட்டு நின்றது. கப்பலின் பெயர் கரைக்கு ஒட்டிக்கொண்டது. கரையின் பெயரை 1873-இல் ஒரு கால்பந்துக் குழு எடுத்துக்கொண்டது. அக்குழுவின் செல்லப்பெயர் ‘புனிதர்கள்’. ஆனால் கில்டா என்று ஒரு புனிதர் இருந்ததே இல்லை! 16-ஆம் நூற்றாண்டுக் கடல் வரைபடங்களில் ‘ஸ்கில்டார்’ என்ற பெயர் இருக்கிறது. அதன் முதல் எழுத்தான ‘எஸ்’ஸை ‘செயின்ட்’, அதாவது ‘புனிதர்’, என்பதன் சுருக்கமாக யாரோ வாசித்துவிட்டார்கள் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

தீவு மக்களின் நாவில் அது ஹிர்ட்டாதான். கடைசி 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்ன பெயர் இன்று அறிவியலில் வாழ்கிறது: அங்கு மட்டுமே உள்ள ரென் குருவிக்கும் வயல் எலிக்கும் ‘ஹிர்டென்சிஸ்’ என்பதே துணைச் சிற்றினப் பெயர். பக்கத்துத் தீவான சோயேயின் கதை இன்னும் அழகு. பழைய நார்ஸ் மொழியில் சோயே என்றால் ஆட்டுத்தீவு. ஆடு தீவுக்குப் பெயர் தந்தது. பிறகு தீவு ஆட்டுக்குப் பெயர் தந்து ‘சோயே ஆடு’ ஆயிற்று. 1932-இல் அங்கிருந்து கொண்டுவந்து விட்ட 107 ஆடுகளின் வழிவந்தவைதான் இன்று ஹிர்ட்டாவில் மேய்கின்றன.

பயணத்துக்கு வருவோம். ஹாரிஸ் தீவின் லெவர்பர்க்கிலிருந்தும் ஸ்கை தீவிலிருந்தும் கோடையில் ஒருநாள் படகுகள் புறப்படுகின்றன. பஃபின் பறவைகள் ஆகஸ்டில் கடலுக்குத் திரும்பிவிடும். ஆகவே ஜூனிலோ ஜூலைத் தொடக்கத்திலோ போங்கள். தீவில் விடுதி கிடையாது, உணவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அலை முரண்டு பிடித்தால் படகு கிளம்பாது. அதனால் புறப்படும் ஊரில் இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்கும்படி டிக்கெட் எடுங்கள்.