கணப்பு விறகு: மலைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கே (குன்னூர்): மே மாதம் வெட்டிய கற்பூர மரம் (யூகலிப்டஸ்) உருட்டுக்கட்டையாகக் கிடக்கிறது. டிசம்பரில் எரிக்கலாமா?

எரியாது, புகையும். ஈரம் வெட்டிய முனையிலும் பிளந்த பக்கத்திலும்தான் போகும், பட்டை வழியாகப் போவது ரொம்பக் குறைவு. போதாததற்கு உங்கள் ஊரில் அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை வேறு. பொங்கல் முடிந்ததும் வெட்டி, உடனே பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டை போட்டு அதன்மேல் அடுக்குங்கள். மேலே தகரம் போதும், பக்கமெல்லாம் காற்றுப் போகட்டும். தார்ப்பாயால் சுற்றி மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

கே: கணப்பு இல்லாத அறையில் கரிச்சட்டி வைக்கலாமா?

கூடவே கூடாது. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

கே: காய்ந்த பிறகு பிளந்தால் சுலபம் என்கிறார் என் மாமனார்.

சில மரத்துக்கு அவர் சொல்வது சரி, கற்பூர மரத்துக்கு இல்லை. அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். பச்சையில் கோடாலி இறங்கும், காய்ந்துவிட்டால் துள்ளித் திரும்பும். நடுவில் ஓங்கிப் போடாமல் ஓரத்திலிருந்து பலகை பலகையாகச் சீவிக்கொண்டே வாருங்கள்.

கே (கோத்தகிரி): மறுக்கிறேன். காலங்காலமாக நாங்கள் காயவைத்துத்தான் பிளக்கிறோம்.

என்ன மரம் என்று சொல்லவில்லையே! சீகை (வாட்டில் மரம்) என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அது எப்படியும் பிளந்து கொடுக்கும். ஆனால் பிளக்கச் சுலபமா என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதுதான் முக்கியம். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போனால் அறைக்கு அந்த அளவு குறையாதா? முழுக்கட்டையைப் பல மாதம் வைத்தாலும் நடுவில் ஈரம் நிற்கும், அதனால் சீகையையும் நான் முதலிலேயே பிளக்கத்தான் சொல்வேன்.

கே: காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாராவாரம் எடை பாருங்கள், எடை இறங்குவது நின்றால் காய்ந்தது. ஈரமானி இருந்தால் துண்டைப் புதிதாகப் பிளந்து உட்புறத்தில் குத்திப் பாருங்கள், 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும்.

கே: ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் கரிச்சட்டி...?

வேண்டாம். குழந்தைகள் தூங்கும் அறை என்றால் இன்னும் வேண்டாம்.

கே: எங்கள் தோட்டத்துச் சீகையை நாங்களே வெட்டலாமா?

1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

கே: ஏப்ரலில் வெட்டியது, டிசம்பரில்...

முதல் பதிலைப் படியுங்கள்.

கே: புகைபோக்கிக்குள் கறுப்பாகப் பளபளவென்று ஒட்டியிருக்கிறது.

ஈர விறகு எரித்த தார் அது, தீப்பிடிக்கும். ஆளை விட்டுச் சுரண்டி எடுக்கும்வரை கணப்பைப் பற்றவைக்காதீர்கள். அதுவரை குளிருகிறதே என்று கரிச்சட்டியைத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள், இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.