மகள் நாடக விமர்சகர் ஆக வேண்டும் என்கிறாள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

நாடகம் பார்த்துவிட்டு வந்து எழுதுவதெல்லாம் ஒரு வேலையா, அதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன் அம்மா, இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. லண்டனில் மைக்கேல் பில்லிங்டன் 1971 முதல் 2019 வரை ‘தி கார்டியன்’ நாளிதழின் நாடக விமர்சகராக இருந்தார். அப்படி ஓர் இடத்தை எதிர்பார்த்து உங்கள் மகள் கணக்குப் போட வேண்டாம்.

இந்தத் தொழிலில் வருமானமும் நேர்மையும் ஒரே முடிச்சு. விமர்சகருக்கு இலவச டிக்கெட் தருவது உலக வழக்கம், வாங்கலாம். பயணச் செலவு, விருந்து, விளம்பர மலருக்கு எழுதித் தந்தால் சன்மானம் என்று அது நீளும்போதுதான் சிக்கல். மாதக் கடைசியில் கை காலியாக இருப்பவருக்கு ‘வேண்டாம்’ என்பது லேசில் வராது. அதனால்தான் மொழிபெயர்ப்போ, எடிட்டிங்கோ, நாடகக் குழுக்களின் தயவில் இல்லாத இன்னொரு வருமானம் அவளுக்கு இருக்கட்டும் என்கிறேன். பட்டப்படிப்பையும் அதற்கேற்ப எடுக்கலாம். இலக்கியம், இதழியல் இரண்டுமே சரி.

அப்புறம், நெருங்கியவர்கள் போடும் நாடகம். அதை வேறொருவர் எழுத விட்டுவிடுவதே நல்லது. கென்னத் டைனன் 1963இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் பொறுப்பேற்றபோது ‘தி அப்சர்வர்’ விமர்சகர் வேலையை விட்டுவிட்டார். இரண்டு பக்கமும் உட்கார முடியாது.

வேலை என்று பார்த்தால், கடினமானது, எது யாருடைய பிழை என்று பிரித்தறிவதுதான். வசனம் சரியில்லையா, நடிகர் சரியில்லையா, இயக்குநர் காட்சியை இழுத்துவிட்டாரா? பல நாடகங்கள் பார்த்து, பிரதிகளைப் படித்தால்தான் இது பிடிபடும். நடிகரின் உடம்பையும் நிறத்தையும் கேலி செய்யக் கூடாது. இடைவேளையில் எழுந்து வந்தால் முழு விமர்சனம் எழுதக் கூடாது. முறையான தொடக்கக் காட்சிக்கு முந்தைய முன்னோட்டங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தீர்ப்பு தப்பாகவும் போகும். 1958 மே மாதம் நாடகாசிரியர் ஹெரால்டு பின்டரின் ‘தி பர்த்டே பார்ட்டி’ லண்டனில் மேடையேறியபோது பெரும்பாலான விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எட்டு முறை மேடையேறியதோடு நாடகம் நின்றது. ‘தி சண்டே டைம்ஸ்’ இதழில் ஹெரால்டு ஹாப்சன் மனதாரப் பாராட்டியிருந்தார், ஆனால் அது அச்சில் வந்தபோது அரங்கு மூடியாகிவிட்டது. பின்டருக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹாப்சனுக்கு அன்று சக விமர்சகர்களின் ஆதரவு இல்லை. அப்படித் தனியாக நின்று எழுதும் தைரியத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத் தராது.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். தனக்குப் பிடிக்காத ஒரு நாடகத்தைப் பற்றி, பார்த்த இரவே ஒரு பக்கம் எழுதட்டும். அதன் இயக்குநர் படித்தால் கோபப்படலாம், ஆனால் ‘என் நாடகத்தை இவள் பார்க்கவே இல்லை’ என்று சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டுப் பேசலாம்.