ரசல் குரோ இசைக்குழு: 2003க்கு அப்புறம் பாட்டே இல்லையா?

மச்சான் பிறந்தநாளுக்குப் பாட்டு தேடியபோது, ரசல் குரோ குழுவின் பாடல்கள் 2003க்கு அப்புறம் எதுவும் வரவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். நடிகர் ரசல் குரோ பாடுவதை நிறுத்தவில்லை. நீங்கள் தேடும் 'தர்ட்டி ஆட் ஃபுட் ஆஃப் கிரண்ட்ஸ்' என்ற அவரது பழைய குழுவின் பெயரில் 2003க்குப் பிறகு ஆல்பம் வரவில்லை, அவ்வளவுதான்.

2005இல் அந்தக் குழு கலைந்து, 'தி ஆர்டினரி ஃபியர் ஆஃப் காட்' என்ற புதுப் பெயரில் அவர் பாட ஆரம்பித்தார். இரண்டு பெயருக்கும் ஆங்கில முதலெழுத்துகள் ஒன்றே. ரசிகர்கள் சுருக்கிச் சொல்வதைக் கேட்டு நீங்கள் பழைய குழு என்றே நினைத்திருப்பீர்கள்.

குழுப் பெயரை விட்டுவிட்டு, நடிகரின் பெயரை மட்டும் போட்டு, புதுக் குழுவின் ஆல்பமான 'மை ஹேண்ட், மை ஹார்ட்' வருகிறதா பாருங்கள். அதன் தயாரிப்பாளர் ஆலன் டாயில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து நாட்டுப்புற இசைக்குழுவான 'கிரேட் பிக் சீ'யின் பாடகராக இருந்தவர். அந்தச் சாயல் பாட்டில் நன்றாகவே கேட்கும். பழைய ராக் சத்தத்தைவிட அவர் குரலுக்கு இதுதான் பொருந்துகிறது என்பேன்.

ஒன்று: பாட்டுச் செயலிகளில் நம் தென்னாப்பிரிக்கக் கணக்கில் காட்டும் பட்டியலும் ஆஸ்திரேலியாவில் காட்டுவதும் ஒன்றாக இருக்காது. கிடைத்தால் முன்னாடியே இறக்கி வையுங்கள். மச்சான் பிறந்தநாளன்று டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கரண்ட் போனாலும் பாட்டு ஓடும்.