கேள்வி–பதில்: குரூப்பில் வந்த அந்தப் படம்

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில், மாடிப்படியில் நிற்கும் ஒரு வடமாநிலப் பையனின் படத்தைப் போட்டு, "பிள்ளை பிடிப்பவன், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்கிறார்கள். குழந்தைகள் விஷயம். அனுப்பாமல் இருந்தால் தவறில்லையா?
— ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: வேண்டாம் சகோதரி, தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2018 மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போனது. வழியில் அந்த வீட்டுப் பெரியம்மா அங்கிருந்த ஊர்க் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அங்கே ஏற்கெனவே பரவியிருந்தது. 65 வயதான அவரை ஊர் கூடி அடித்தே கொன்றார்கள். வதந்தியை அனுப்பியவர்களில் பலரும் உங்களைப் போலக் குழந்தைகளை நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான், அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது 5 குரூப்புக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. இன்று ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஐந்து குரூப்புக்கு எத்தனை பேர், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பையன் யார் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்தானோ! அவனைக் கேட்காமல் படம் எடுத்தாயிற்று. தன் பக்கத்தைச் சொல்ல அவன் உங்கள் குரூப்பிலும் இல்லை. எனக்கு மனசு ஆறாதது இதுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அது அரசிடமிருந்து நமக்குக் கிடைக்க வேண்டிய உரிமை மட்டுமல்ல, அந்தப் பையனுக்கு நாம் தரவேண்டிய மரியாதையும்கூட என்று நான் நம்புகிறேன். நிஜமாகவே சந்தேகம் இருந்தால் வாட்ச்மேனிடம் விசாரியுங்கள், 100-க்குப் போன் செய்யுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இதே போன்கள்தான் உங்கள் வேளச்சேரிக்குப் படகும் சாப்பாடும் வரவழைத்தன. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அப்போதும், ஆளை மீட்ட பிறகும் "காப்பாற்றுங்கள்" செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது.

கேள்வி: என்னைக் கேட்காமலே ஒரு கட்சிக் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். எப்படித் தடுப்பது?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் குரூப்ஸ். அங்கே 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிடுங்கள். 2019 தேர்தல் சமயத்தில் வந்த வசதி இது. வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் போன் நம்பர் இருக்காது; கட்சிக்காரர்களுக்கு உங்கள் நம்பர் வேறு எங்கிருந்தோதான் போயிருக்கும். அதனால் கடையில் பில் போடும்போது நம்பர் கேட்டால், யோசித்துக் கொடுங்கள்.

மெரினாவில் சீரணி அரங்கம் என்ற பொதுக்கூட்ட மேடை இருந்த காலத்தில், ஒரு தலைவர் பேசுவதை எதிர்க்கட்சிக்காரரும் மணலில் உட்கார்ந்து கேட்க முடிந்தது. மறுநாள் பதிலும் சொல்ல முடிந்தது. குரூப்பிலோ தெருவுக்கு ஒரு சேதி, சாதிக்கு ஒரு சேதி என்று போக முடியும். பதில் சொல்ல வேண்டியவர் கண்ணில் அது படுவதே இல்லை. அதனால் அந்தக் குரூப்பில் ஏதாவது பொய் கண்ணில் பட்டால், "இதற்கு ஆதாரம் என்ன?" என்று அங்கேயே கேட்டு எழுதுங்கள். அப்புறம் வெளியே வாருங்கள்.